தாமதத்தின் கணக்கு

ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒரு தாளில் துளை போட எவ்வளவு பெரிய தோட்டா வேண்டும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்போர்ட் நகருக்கு அருகே 1967-ல் தொடங்கிய ஆயிரம் கஜ பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியைப் பெஞ்சின் மேல் தாங்கவைத்துச் சுடும்) சங்கத்தில் இதற்கு நெடுங்காலம் ஒரே பதில்தான்: பெரிய தோட்டா. பெருவிலங்கு வேட்டைக்கென்று செய்யப்பட்ட .300 வெதர்பி மேக்னம் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை ஒடுக்கி, 6.5 மில்லிமீட்டர் குண்டைப் பொருத்திச் சுட்டார்கள். வெடிமருந்து கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் காற்று தள்ளுவதற்கு நேரம் இருக்காது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையும் இல்லை.

ஆனால் இன்று இதே தூரப் போட்டிகளில் சிமென்ட் பெஞ்சுகளின் மேல் வரிசையாக நிற்கும் தோட்டாக்களைப் பார்த்தால், வேட்டைக்காரர் ஒருவர் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைப்பார். பித்தளைக் கூட்டின் நீளம் 39 மில்லிமீட்டர். உள்ளே ஏறக்குறைய இரண்டு கிராம் மருந்து. முனையில் ஏழு கிராமுக்கும் குறைந்த எடையில், ஊசிபோல் நீண்ட 6 மில்லிமீட்டர் குண்டு. 6 மி.மீ. பிஆர், அதன் தோளைச் சற்று முன்னே தள்ளி உருவாக்கிய டேஷர் என்று இவற்றுக்குப் பெயர்கள். பழைய மேக்னம் தோட்டாவின் பக்கத்தில் வைத்தால் பாதி உயரம்தான் தெரியும். குறுகிய பரவலுக்கான பல சாதனைகள் இந்தக் குள்ளத் தோட்டாக்களின் பேரில்தான் எழுதப்பட்டன.

சிறியதைக் கண்டு பெரியவர்கள் முகம் சுளித்தது இது முதல் முறையன்று. 1850-களில் பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் விட்டம் .577 அங்குலம். மரையாணிகளுக்கு நாடு முழுவதும் ஒரே அளவுமுறையை முன்வைத்த பொறியாளர் ஜோசப் விட்வொர்த்திடம் அதைத் திருத்தித் தரச் சொன்னார்கள். அவர் துளையை .451 அங்குலமாகக் குறுக்கினார். உள்ளே அறுகோண வடிவம் கொடுத்து, குண்டைச் சுழற்றும் முறுக்கையும் இறுக்கினார். 1857-ல் நடந்த சோதனையில் 800 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் நான்கு அடியைத் தாண்டியது. விட்வொர்த்தினுடையது ஓர் அடி. 1,400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கையே தொடவில்லை. இவ்வளவு சிறிய குழல் போர்க்களத்துக்கு ஆகாது, சீக்கிரம் புகைக்கரி அடைத்துக்கொள்ளும், விலையும் கட்டாது என்று சொல்லி ராணுவம் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் 1860 ஜூலையில் விம்பிள்டன் திடலில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்தபோது, தாங்கியில் பூட்டியிருந்தது விட்வொர்த் துப்பாக்கிதான். ராணி பட்டுக்கயிற்றை இழுத்தார். 400 கஜத்தில் குண்டு இலக்கின் நடுப்புள்ளிக்கு ஒன்றே கால் அங்குலம் தள்ளி விழுந்தது.

நூறாண்டுக்கும் அதிகமான காலத்துக்குப் பிறகு இந்தக் கதையில் இரண்டு பேர் வருகிறார்கள். லூயி பால்மிசானோ இரத்தக்குழாய் அறுவை மருத்துவர். ஃபெரிஸ் பிண்டெல் உலோகத்தைக் கடைந்து அச்சு செய்பவர். 1970-களின் நடுவில் இருவரும் சேர்ந்து .220 ரஷ்யன் என்ற தோட்டாவின் கூட்டைக் கையிலெடுத்தார்கள். அதன் மூலம், ஏகே-47 சுடும் 7.62×39 தோட்டா. உலகமெங்கும் சண்டைகளில் வாரி இறைக்கப்பட்ட, துல்லியத்துக்குப் பெயர்போகாத ஒரு தோட்டாவின் வம்சத்திலிருந்துதான் உலகின் மிகத் துல்லியமான தோட்டா பிறந்தது. பால்மிசானோ, பிண்டெல், கார்ட்ரிட்ஜ் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 6 பிபிசி என்று பெயர் வைத்தார்கள்.

அவர்கள் செய்த மாற்றம் வடிவத்தில்தான். கூடு குட்டையாகவும் தடிமனாகவும் இருந்தால் உள்ளே மருந்தும் குட்டையான, தடித்த கம்பம்போல் நிற்கும். மருந்தைப் பற்றவைக்கும் சிறிய பிரைமரின் மெல்லிய சுடர், சிறிய துளை வழியே நுழைந்து அந்தக் கம்பத்தை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே விதமாகப் பற்றவைக்கும். பெரிய மருந்துக் குவியலைப் பெரிய சுடர் பற்றவைக்கும்போது இந்த ஒழுங்கு எளிதில் கைகூடுவதில்லை. 100 கஜம், 200 கஜம் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் சில ஆண்டுகளுக்குள் 6 பிபிசி மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. அரை நூற்றாண்டு ஆகியும் அந்த இடத்திலிருந்து அது இறங்கவில்லை.

துல்லியத்தின் எல்லை எது என்று தேடியவர்களின் கதையொன்றும் உண்டு. 1980-களில் டெக்ஸஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், விர்ஜில் கிங் என்ற சுடுநரும் நண்பர்களும் மிக நீளமான சரக்குக் கிடங்கு ஒன்றுக்குள் பெஞ்சைப் போட்டுச் சுட்டார்கள். உள்ளே காற்றில்லை, வெயிலில்லை, கானலில்லை. நூறு கஜத்தில் நல்ல துப்பாக்கியின் ஐந்து குண்டுகளும் ஒரே துளைவழிப் போனதுபோல் தாளில் தெரிந்தன. ஆனால் பரிசோதித்தவற்றில் வெகு சில துப்பாக்கிகளே அந்தத் தரத்தைத் தொட்டன. வெளியே காற்றின் தலையில் கட்டிய பழியில் ஒரு பங்கு துப்பாக்கிக் குழலுக்குச் சேர வேண்டியது என்பது அங்கே வெட்டவெளிச்சமானது.

கிடங்கிலிருந்து வெளியே வந்தால் மறுபடி காற்று. நூறு கஜத்தில் ஓரளவு சமாளிக்கக்கூடிய எதிரி, ஆயிரம் கஜத்தில் எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கும் அதிகாரியாகிவிடுகிறது.

குறுக்குக்காற்று ஒரு குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி இசிதோர் தீதியோன் பெயரில் வழங்குவது. குண்டு இலக்கை அடைய எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, காற்றே இல்லாத வெற்றிடத்தில் அது எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய நேரத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் வருவது தாமதம். அந்தத் தாமதத்தைக் குறுக்குக்காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். குண்டின் எடையோ அளவோ இதில் நேரடியாக வருவதில்லை. வழியில் அது எவ்வளவு நேரத்தை இழந்தது என்பது மட்டுமே கேள்வி.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 6 மி.மீ. பிஆர் தோட்டாவின் 105 கிரெயின் (ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைந்த) குண்டு நொடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆயிரம் கஜம் என்பது 914 மீட்டர். வெற்றிடமாக இருந்தால் ஒரு நொடியைச் சற்றுத் தாண்டியதும் போய்ச் சேர்ந்துவிடும். நிஜத்தில் ஒன்றரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. இழப்பு ஏறக்குறைய 0.4 நொடி. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் இளங்காற்று அந்த 0.4 நொடியில் குண்டை 1.8 மீட்டர் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். அதே தூரத்தில் குண்டு எட்டு மீட்டர் அளவுக்குக் கீழேயும் இறங்குகிறது. ஆனால் அதைப் பற்றி யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. புவியீர்ப்பு நேற்றும் இன்றும் ஒரே அளவில்தான் இழுக்கிறது. தொலைநோக்கியில் ஒருமுறை திருத்திவிட்டால் தீர்ந்தது.

கனமான .300 மேக்னம் குண்டுக்கு இதே காற்றில் விலகல் சுமார் 1.4 மீட்டர். ஆக, பெரிய தோட்டாவுக்கு 40 சென்டிமீட்டர் லாபம். வில்லியம்ஸ்போர்ட் முன்னோடிகளின் கணக்கு இதுதான். ஆனால் சுடுபவர் மொத்த விலகலோடு போராடுவதில்லை. 1.8 மீட்டரோ 1.4 மீட்டரோ, காற்றைச் சரியாகக் கணித்தால் முழுவதையும் திருத்திக்கொள்ளலாம். அவரைத் தோற்கடிப்பது கணிப்பில் வரும் பிசகு. காற்றின் வேகத்தை மணிக்கு 1.6 கிலோமீட்டர், அதாவது ஒரே ஒரு மைல், தவறாக எடைபோட்டால் சிறிய குண்டு 18 சென்டிமீட்டர் விலகும். பெரியது 14 சென்டிமீட்டர். எஃப்-கிளாஸ் என்ற இன்னோர் ஆயிரம் கஜப் போட்டியின் இலக்குத் தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் ஆரம் 12.7 சென்டிமீட்டர். இரண்டுமே வட்டத்துக்கு வெளியே. மேக்னம் வாங்கியவர் கொடுத்த விலைக்கு வந்த வரவு வெறும் நான்கு சென்டிமீட்டர்.

அந்த விலையையும் பார்த்துவிட வேண்டும். எட்டு கிலோ எடையுள்ள போட்டித் துப்பாக்கியில் மேக்னம் தோட்டா உதைக்கும் ஆற்றல், 6 மி.மீ. பிஆரின் உதைப்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். குண்டு குழலை விட்டு நீங்கும் முன்பே துப்பாக்கி பின்னோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. மணல்மூட்டையின் மேல் அது வழுக்கும் விதம், தோள் தாங்கும் விதம், கன்னம் அழுத்தும் அழுத்தம் எல்லாம் அந்த ஓரிரு மில்லி நொடிகளில் குண்டின் திசையைத் தொட்டுவிடும். உதைப்பு சிறிதானால் சுடுபவரின் உடம்பு குறுக்கிடும் அளவும் சிறிதாகிறது. சிறிய தோட்டா தரும் முதல் லாபம் இது. இரண்டாவது லாபம் கண்ணில் படாதது, நேரம் சம்பந்தப்பட்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை அருகே போய்ப் பார்க்கலாம். துப்பாக்கியின் முன்பகுதி முக்காலித் தாங்கியில், பின்பகுதி மணல்பையில். வலப்பக்கம் போல்ட். ஆனால் தோட்டா நுழையும் வாய் இடப்பக்கம். விசையை இழுக்க வேண்டிய பலம் ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு கிராம்; ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்குகிற பலம். அவர் இன்னும் சுடவில்லை. வயல்வெளியில் வரிசையாக நட்ட காற்றுக்கொடிகளைப் பார்க்கிறார், தொலைநோக்கியில் கானல் ஓடும் திசையைப் பார்க்கிறார். கானல் நேரே மேலெழுந்து கொதிக்கிறது, பிறகு மெல்ல இடமிருந்து வலமாகச் சாய்கிறது. கொடிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி ஒரே கோணத்தில் நிற்கின்றன. இதே நிலையில்தான் சற்று முன் பரீட்சைக் குண்டுகளைச் சுட்டு, எங்கே விழுகின்றன என்று பார்த்து வைத்திருக்கிறார். இப்போது விசை விழுகிறது. வலக்கை போல்ட்டைப் பின்னிழுக்க, இடக்கை அடுத்த தோட்டாவை உள்ளே இடுகிறது; உடனே வலக்கை போல்ட்டைத் தள்ளி மூடுகிறது. துப்பாக்கி தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. குறுக்கிழை இலக்கை விட்டு வெகுதூரம் போகவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. காற்று மனம் மாறுவதற்கு முன் ஐந்தும் போய்ச் சேர வேண்டும்.

காற்றைப் படிப்பதைவிட, ஒரே காற்றில் எல்லாவற்றையும் சுட்டு முடிப்பது எளிது. பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் கண்டுகொண்டது இதைத்தான். ஒவ்வொரு குண்டும் 1.8 மீட்டர் விலகினாலும் பரவாயில்லை, ஐந்தும் ஒரே 1.8 மீட்டர் விலகினால் போதும். மேக்னம் சுடுபவர் ஒவ்வோர் உதைப்புக்கும் பிறகு துப்பாக்கியைத் தூக்கி நிறுத்தி, இலக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் கொடிகள் திரும்பியிருக்கும். பறப்பதில் பெரிய குண்டு மிச்சம் பிடித்த பத்தில் ஒரு பங்கு நொடியை, பெஞ்சில் பல நொடிகளாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டில் வீட்டு வேலையும் உண்டு. ஆயிரம் கஜத்தில் இரண்டு குண்டுகளின் வேகம் நொடிக்கு மூன்று மீட்டர் மாறுபட்டால், தாளில் மேலும் கீழுமாக ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். எனவே மருந்தைக் குச்சிமணிகளாக எண்ணும் அளவுக்கு நிறுக்கிறார்கள். பித்தளைக் கழுத்தின் சுவரைச் சுற்றிலும் ஒரே தடிமனுக்குக் கடைகிறார்கள். குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை ஆயிரத்தில் சில பங்கு அங்குலமாக மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள். இரண்டு கிராம் மருந்துள்ள சிறிய கூட்டில் இந்த உழைப்பு பலிக்கிறது.

எல்லா இடத்திலும் சிறியதே வெல்லும் என்று முடிவுகட்ட முடியாது. அதே ஆயிரம் கஜம், ஆனால் வேறு ஆட்டம்: கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய எஃப்-கிளாஸ். இதில் சுடுபவர் தரையில் குப்புறப் படுத்திருப்பார். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் குழியில் இருப்பவர்கள் இலக்கைக் கீழே இறக்கி, துளையில் அடையாளக் குச்சியைச் செருகி, மேலே ஏற்றுவார்கள். அதற்குள் காற்று எத்தனையோ முறை மாறியிருக்கும். ஒரே காற்றில் சுட்டு முடிக்கும் வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசகும். அப்படியென்றால் அந்த நான்கு சென்டிமீட்டர் திடீரென்று மதிப்புப் பெறுகிறது. எஃப்-கிளாஸின் திறந்த பிரிவில் 7 மில்லிமீட்டர் குண்டுகள் கோலோச்சுவதற்கு இதுவே காரணம். .223, .308 என்ற இரண்டு தோட்டாக்களை மட்டும் அனுமதிக்கும் இன்னொரு பிரிவில் ஆயிரம் கஜத்துக்குப் பெரும்பாலோர் .308-ஐத்தான் எடுக்கிறார்கள். தூரம் ஒன்றுதான், சட்டம் மாறியதும் தோட்டாவும் மாறிவிட்டது.

நடுத்தர தூரத்தில் சிறியதன் செல்வாக்கு வேறு விதம். ஓஹியோ மாநிலத்தில் ஈரி ஏரியின் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. ஏரிக்காற்றுக்குப் பேர்போன இடம். அங்கே ராணுவத் துப்பாக்கிப் பிரிவில் பல பத்தாண்டுகள் 7.62 மி.மீ. எம்-14 கொடிகட்டிப் பறந்தது. 5.56 மி.மீ. எம்-16-ஐ எலித் துப்பாக்கி என்று கேலி பேசினார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்க ராணுவத்தின் சுடுநர் அணி அந்த எலித் துப்பாக்கியோடு வந்து இறங்கியது. 600 கஜத்துக்கு அவர்கள் பயன்படுத்திய 80 கிரெயின் குண்டு மிக நீளமானது. தோட்டா மேகசினுக்குள் அடங்காது. ஒவ்வொன்றாகக் கையால்தான் இட வேண்டும். அந்தச் சுற்றில் எப்படியும் ஒவ்வொன்றாகத்தான் சுடுவார்கள் என்பதால் அது குறையாகவே தெரியவில்லை. வேகச் சுற்றுகளில் உதைப்புக் குறைவு கைகொடுத்தது. சில ஆண்டுகளில் எம்-14 பெட்டிக்குள் போனது.

குழலுக்கும் ஒரு ஆயுள் கணக்கு உண்டு. 6 மி.மீ. பிஆர் சுடும் குழல் 2,500 குண்டுகள்வரை துல்லியம் கெடாமல் இருக்கும் என்று சுடுநர்கள் பொதுவாகச் சொல்வார்கள்; கொதிக்கும் மேக்னம்கள் ஆயிரத்தைத் தாண்டினாலே பெரிது. ஒவ்வொரு குண்டும் குழலுக்குள் இருப்பது ஒன்றரை மில்லி நொடிக்கும் குறைவு. கூட்டிப் பார்த்தால் நல்ல சிறிய குழல் ஒன்று மொத்தமாக வேலை பார்ப்பது மூன்றரை நொடிதான். மேக்னம் குழலுக்கு அதில் பாதியும் கிடையாது. பயிற்சியில் தேய்த்துவிட்டால் போட்டிக்குக் குழல் இருக்காது என்ற கவலை பெரிய தோட்டாக்காரரைக் குறைவாகச் சுடவைக்கிறது. குறைவாகச் சுடுபவருக்குக் காற்றைப் படிக்கும் பழக்கமும் குறைகிறது.

சிறியதிலும் சிறியது .22 எல்ஆர். 1887-லிருந்து இருந்துவருகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தத் தோட்டாவால்தான். 50 மீட்டரில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். போட்டிக்கான .22 தோட்டாக்களை ஒலியின் வேகத்துக்குக் கீழேயே பறக்கும்படிதான் செய்கிறார்கள். வேகமான .22 குண்டு நூறு கஜத்தில் மெதுவானதைவிட அதிகமாகக் காற்றில் விலகுகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தீதியோன் சூத்திரம் அதையும் விளக்கிவிடுகிறது. ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் காற்றின் எதிர்ப்பு செங்குத்தாக ஏறுகிறது. வேகமாகக் கிளம்பிய குண்டு அங்கே மெதுவான குண்டைவிட அதிக நேரத்தை இழக்கிறது. முன்னே போய்ச் சேர்வது அதுதான். தன் சொந்தக் கணக்கில் அதிகம் தாமதமாவதும் அதுதான்.

இதை அறிந்த தொலைதூரச் சுடுநர்கள் பலர் இப்போது .22-ஐ 200 கஜத்துக்கு அப்பால் கொண்டுபோகிறார்கள். அங்கே அதன் விலகல், கோண அளவில், ஆயிரம் கஜத்தில் 6 மி.மீ. படும் பாட்டை நெருங்குகிறது. ஆயிரம் கஜத் திடல் கிடைக்காதவர்களும், மூன்றரை நொடிக் குழலைத் தேய்க்க மனமில்லாதவர்களும் அதே கொடிகளையும் அதே கானலையும் பார்த்துப் பழகுகிறார்கள். .22 தோட்டாவுக்குள் யாரும் மருந்தை நிறுத்துப் போட முடியாது, கழுத்தைக் கடைய முடியாது. தொழிற்சாலை வாரியாக, தொகுதி எண் வாரியாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் தொகுதியை அள்ளி வாங்கிவைப்பது ஒன்றுதான் வழி. இதற்கு மறுகோடியில், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ராட்டன் அருகே இரண்டு மைல் தூரத்துக்கு .375, .416 என்று பெரிய தோட்டாக்களைச் சுடும் போட்டி நடந்தது. அங்கே 6 மி.மீ. பிஆர் எடுத்துப்போனால், ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கிய குண்டு இலக்குவரை ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பதே சந்தேகம். 6 மி.மீ. பிஆர் சுடுபவர்களுக்கு அதில் வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை; ஆயிரம் கஜப் பெஞ்சுகளில் அவர்கள் இன்னும் கொடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.